நிலத்தை விற்று எவரெஸ்ட் ஏற வேண்டாம்

பிளஸ் டூ முடித்த உங்கள் மகள், மலையேற்றம்தான் என் தொழில் என்கிறாள். தாய்மாமன் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். அப்பாவோ அவள் அழுவதைப் பார்க்க முடியாமல், நிலத்தை விற்று எவரெஸ்ட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்கிறார். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் இரண்டையும் செய்யாதீர்கள்.

அவளுக்கு மனம் ஒட்டாத படிப்புக்குக் கடன் வாங்கினால், வட்டி கட்டப்போவது நீங்கள், மாமா அல்ல. அந்த சீட்டை வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

எவரெஸ்ட்டுக்கு வருவோம். நேபாள அரசின் அனுமதிக் கட்டணமே 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலர். வழிகாட்டும் ஷெர்பா, ஆக்சிஜன், காப்பீடு எல்லாம் தனி. ஏறி இறங்கியதும் வேலை வந்துவிடாது. தமிழ்நாட்டிலிருந்து ஏறிய முதல் பெண் என்ற பெயரும் 2023-இல் முத்தமிழ்ச்செல்விக்குப் போய்விட்டது. நேபாளத்தைச் சேர்ந்த காமி ரீட்டா ஷெர்பா 2025 மே மாதம் 31-ஆவது முறையாக உச்சியைத் தொட்டார். அவர் செய்வது வழிகாட்டி வேலை. மலையில் நிலையாகச் சம்பாதிப்பவர்களில் பெரும்பாலானோர் பிறரைப் பத்திரமாக ஏற்றி இறக்குபவர்கள்தான். உங்கள் மகளும் அதற்குத்தான் தயாராக வேண்டும்.

வழி இருக்கிறது. பெண்களுக்கு என்.சி.சி. உள்ள ஓர் அரசு கலைக் கல்லூரியில் புவியியல் போன்ற ஒரு பட்டப்படிப்பில் அவளைச் சேர்த்துவிடுங்கள். டார்ஜிலிங், உத்தரகாசி, மணாலியில் உள்ள மலையேற்றப் பயிற்சி நிறுவனங்களுக்கு என்.சி.சி.யே மாணவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. டார்ஜிலிங் நிறுவனம் 1954-இல் தொடங்கியது. களப் பயிற்சிக்கு முதல் இயக்குநராக இருந்தவர் டென்சிங். அங்கே பேசிக் கோர்ஸ் ஏறக்குறைய நான்கு வாரம். கயிற்று முடிச்சுகள், பாறை ஏறுதல், கயிற்றில் இறங்குதல், அப்புறம் பனியாற்றில் காலணிக்கு அடியில் கிராம்பான் என்ற முள்தகடு மாட்டி நடப்பது, சறுக்கினால் ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடரியால் தன்னை நிறுத்திக்கொள்வது, முதுகில் சுமையோடு நாள்கணக்கில் ஏறுவது. இதில் 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அட்வான்ஸ்ட் கோர்ஸ். அதிலும் 'ஏ' வாங்கினால் பயிற்றுநர் ஆவதற்கான கோர்ஸ். மீட்புப் பணிக்கும் தனிப் பயிற்சி உண்டு. என்.சி.சி. வழியாக இடம் கிடைக்காவிட்டால் நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஆயிரங்களில்தான் இருக்கும், ஆனால் இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும்.

ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் திரௌபதி கா டாண்டா மலையில் பனிச்சரிவில் சிக்கி, உத்தரகாசி நிறுவனத்தின் பயிற்சிக் குழுவில் 25 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் அனுபவமுள்ள பயிற்றுநர்களும் இருந்தார்கள். இதை மகளிடம் மறைக்காமல் பேசுங்கள். அதன் பிறகும் அவள் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். பேசிக் கோர்ஸ் முடித்துத் திரும்பும்போது, இது தனக்கு ஒத்துவருமா என்று அவளுக்கே தெரிந்துவிடும். வேண்டாம் என்றாலும் டிகிரி கையில் இருக்கும்.

இந்த வாரமே இரண்டு மூன்று கல்லூரிகளுக்குப் போய், என்.சி.சி. அலுவலரைப் பார்த்து, கடைசியாக மலையேற்றப் பயிற்சிக்கு யாரை எப்போது அனுப்பினார்கள் என்று கேளுங்கள். சரியான பதில் தராத கல்லூரியை விட்டுவிடுங்கள். மாமாவை என்னிடம் அழைத்து வாருங்கள், அவரிடம் நான் பேசுகிறேன்.