சின்னமுட்டத்து மண்ணில் எதை அளப்பது?

கூடங்குளம் உலைகள் ஒருநாள் மூடப்படும்போது, கன்னியாகுமரி அருகே உள்ள நம் சின்னமுட்டம் கரையில் என்ன மாறியது என்று எப்படி நிரூபிப்பது, அதற்கு இப்போதே கதிர்வீச்சுமானி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம். உலை வருவதற்கு முன்பே நம் கரையின் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம்தான். கையடக்கக் கருவி மொத்த அளவை மட்டும் சொல்லும். அது மணலால் வந்ததா, உலையால் வந்ததா என்று பிரித்துச் சொல்லாது. அந்த எண்ணை எந்த விசாரணையிலும் எளிதாகத் தள்ளிவிடுவார்கள்.

கேட்க வேண்டியது காமா நிறமாலைப் பகுப்பாய்வு, அதாவது எந்தக் கதிரியக்கப் பொருளிலிருந்து கதிர் வருகிறது என்று பிரித்துக் காட்டும் ஆய்வகச் சோதனை. உலையில் உருவாகும் கோபால்ட்-60 இயற்கையில் காணப்படுவதில்லை, எனவே அது தென்பட்டால் மணலைக் காரணம் காட்ட முடியாது. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5.27 ஆண்டு. உலையில் உருவாகும் இன்னொரு பொருளான சீசியம்-137க்குச் சுமார் 30 ஆண்டு, ஆனால் பழைய அணுகுண்டுச் சோதனைகளின் எச்சமும் அதில் கலந்திருக்கும். அதனால்தான் இன்றைய அளவு முக்கியம்.

எரிபொருளை அகற்றியதும் பெரும்பகுதிக் கதிரியக்கம் அதோடு போய்விடும். மிஞ்சுவது உலைக்கலனும் கான்கிரீட்டும் குழாய்களும். அவற்றை வெட்டும்போது எழும் தூசியும் கழுவும் நீரும்தான் என் கவலை. எனவே மணலோடு மீன், சிப்பி, கடலடி வண்டல் மாதிரிகளையும் இடமும் தேதியும் குறித்து இப்போதே எடுக்கச் சொல்லி எழுத்து மூலம் கேளுங்கள்.