அமிலத் தொட்டிக்கு பிளாஸ்டிக் காயில் போடலாமா?

“அனோடைசிங் (அலுமினியத்தின் மேல் மின்சாரத்தால் ஆக்சைடு பூச்சு வளர்ப்பது) தொட்டியில், அமிலத்தைக் குளிர்விக்கும் ஸ்டெயின்லெஸ் காயில் (குளிர்நீர் ஓடும் குழாய்) அடிக்கடி ஓட்டையாகிறது. பிளாஸ்டிக்குக்கு மாறலாமா? அது சூட்டைக் கடத்தாதே?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக மாறலாம். எங்கள் பட்டறையிலும் இதே கதைதான். கந்தக அமிலம் மட்டும் என்றால் ஸ்டெயின்லெஸ் கொஞ்ச காலம் தாங்கியிருக்கும். தண்ணீரோடு வரும் குளோரைடும், தொட்டிக்குள் கசியும் மின்சாரமும் சேர்ந்து ஊசி குத்தியது போல ஓட்டை போட்டன. அமிலம் குளிர்நீரில் கலந்து, அந்த நீரைக் குளிர்விக்கும் ‘சில்லர்’ இயந்திரத்தையே அரித்துவிட்டது. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் அந்தத் தொல்லை அடியோடு போய்விடும்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஸ்டெயின்லெஸ்ஸின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 16 என்றால், பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு 0.2தான். ஆனால் குழாய்ச் சுவர் அரை மில்லிமீட்டருக்கும் கீழே இருக்கும். அதோடு, சூடு அமிலத்திலிருந்து சுவருக்கும் சுவரிலிருந்து தண்ணீருக்கும் போக வேண்டும். அந்த இரண்டு இடத்திலும் உள்ள தடை எந்தக் குழாய்க்கும் பொது. ஆகவே நஷ்டம் 80 மடங்கு ஆகாது. ஸ்டீல் செய்வதில் பாதி வேலைதான் நடக்கும் என்று வைத்து, பரப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ரெக்டிஃபயர் (தொட்டிக்கு நேர்மின்சாரம் தரும் கருவி) 1000 ஆம்பியர், 16 வோல்ட் என்றால் 16 கிலோவாட். கிட்டத்தட்ட அத்தனையும் சூடாகத்தான் தொட்டியில் இறங்கும். அமிலம் 20 டிகிரி, குளிர்நீர் சராசரி 10 டிகிரி, சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 200 வாட் என்று எடுத்தால் 8 சதுர மீட்டர் வேண்டும். 4 மில்லிமீட்டர் குழாயில் இது சுமார் 640 மீட்டர். மலைக்காதீர்கள், 200 மெல்லிய குழாய்களை ஒரே கட்டாகத் தொட்டிச் சுவரோரம் தொங்கவிட்டால் குழாய்க்கு 3.2 மீட்டர்தான். பரப்பில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். தொட்டி 25 டிகிரியைத் தாண்டினால் பூச்சு இளகிவிடும், விரலால் தேய்த்தாலே சுண்ணாம்பு மாதிரி ஒட்டும்.

டெஃப்லான்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். 20 டிகிரியில் 18 சதவீத கந்தக அமிலத்துக்குப் பாலிப்ரொப்பிலீனே போதும். ஹார்ட் அனோடைசிங் (தடித்த, கடினமான பூச்சு) என்று 0 டிகிரிக்கு இறங்கினால் பாலிப்ரொப்பிலீன் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், அங்கே பிவிடிஎஃப் (PVDF) என்ற பிளாஸ்டிக் நல்லது. நைட்ரிக்கும் ஹைட்ரோஃப்ளோரிக்கும் கலந்த சூடான தொட்டி என்றால் டெஃப்லானுக்குக் கொடுக்கும் காசு தகும்.

அப்புறம், குளிர்நீர் வரும் வழியில் ஃபில்டர் கட்டாயம். இவ்வளவு மெல்லிய குழாய் துருத் தூளிலேயே அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை குளிர்நீரில் பிஹெச் தாள் நனைத்துப் பாருங்கள். சிவந்தால் உடனே சில்லர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கசியும் குழாயைத் தேடுங்கள்.