கதவே இல்லாத சூப்பர் மார்க்கெட் ஃப்ரிட்ஜ்ல குளிர் எப்படி நிக்குது? கரண்ட் வேஸ்ட் ஆகாதா?

கண்ணுக்குத் தெரியாத கதவு ஒண்ணு இருக்குங்க, காத்தாலயே ஆனது. ரேக்கோட மேல் விளிம்புல தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா ஒரு பட்டை இருக்கும், அதுல இருந்து குளிர்காத்து நேரா கீழ இறங்கி, முன்பக்கம் அடியில இருக்கிற கிரில் வழியா உள்ள போய், கூலிங் காயில்ல (குளிர வைக்கிற குழாய்ச் சுருள்) திரும்பக் குளிர்ந்து மறுபடி மேல வருது, இதைத்தான் ஏர் கர்ட்டன்னு சொல்றாங்க. அடுத்த தடவை தயிர் எடுக்கிறப்ப அந்த அடி கிரில் மேல கையை வச்சுப் பாருங்க, புரியும்.

வேஸ்ட் ஆகாதான்னா, நல்லாவே ஆகும். உயரமான திறந்த ரேக்ல கூலிங் லோடுல, அதாவது ஃப்ரிட்ஜ் வெளியேத்த வேண்டிய சூட்டுல, கிட்டத்தட்ட முக்கால்வாசி, வெளிக்காத்து உள்ள கலக்குறதாலதான் வருது. அந்தக் காத்துல இருக்கிற ஈரம் காயில்ல ஐஸா படிஞ்சு காத்து போற வழியை அடைக்கும், அப்புறம் அந்த ஐஸை உருக்குற டீஃப்ராஸ்ட் செலவு வேற. இது போதாதுன்னு தயிர் டப்பாவை கிரில் மேலயே அடுக்கிடுவாங்க, இல்ல பக்கத்துலயே சீலிங் ஃபேனை ஃபுல் ஸ்பீடுல விடுவாங்க, திரை கிழிஞ்ச மாதிரிதான், முன்வரிசை டப்பாவைத் தொட்டா சில்லுன்னே இருக்காது.

ராத்திரி கடை மூடுறப்ப ரோலர் திரையை இறக்கி விட்டாலே கொஞ்சம் மிச்சமாகும். என் ஓட்டு கண்ணாடிக் கதவுக்குத்தான், ஆனா கதவு போட்டா வியாபாரம் குறையும்னு முதலாளிங்க பயப்படுறாங்க.