பதில்: "தேறாத ஐந்து பேர்" பட்டியலை என்ன செய்வது?

பழைய வகுப்பாசிரியர் ஏழாம் வகுப்பில் ஐந்து பேரைக் காட்டி "தேறமாட்டார்கள்" என்றதாக எழுதியிருக்கிறீர்கள், டீச்சர். அந்தப் பட்டியலை இரண்டு வாரம் மறந்துவிடுங்கள். காரணம் இருக்கிறது: 1968-இல் ரோசன்தால், ஜேக்கப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கலிபோர்னியப் பள்ளி ஆய்வில், குலுக்கல்போல் தேர்ந்த குழந்தைகளை "மலரப் போகிறவர்கள்" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். முதல் இரண்டு வகுப்புகளில் அந்தக் குழந்தைகளின் அறிவுத்திறன் தேர்வு மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரிந்தது, மேல் வகுப்புகளில் அவ்வளவாக இல்லை. பிள்ளைகளோடு இரண்டு வாரத்துக்கு மேல் பழகிய ஆசிரியர்களிடம் இத்தகைய முன்கணிப்பு எடுபடுவதில்லை என்று பின்னாளில் ரவுடன்புஷ் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். ஆக, முந்திக்கொள்வது பட்டியலா உங்கள் கண்ணா என்பதே கேள்வி.

"உன்னால் முடியும்" என்று சும்மா சொல்வதில் பயனில்லை; பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். கேள்வி கேட்டபின் மூன்று நொடி வாய் திறக்காதீர்கள். பெரும்பாலும் ஒரு நொடிகூடப் பொறுக்காமல் அடுத்தவனுக்குத் தாவுகிறோம், அதுவும் "மக்கு" என்று நினைத்தவனிடம் இன்னும் சீக்கிரமாக. பதில் தவறானால் விடையைச் சொல்லிவிடாமல் சிறு துப்புக் கொடுங்கள். எளிய கணக்கை மட்டும் அவனுக்கு ஒதுக்காதீர்கள். எளிதானதற்கு "சபாஷ்" போட்டால் அவன் இரக்கமாகவே எடுத்துக்கொள்வான். யாரை எத்தனை முறை கேட்டீர்கள் என்று ஒரு வாரம் பெயர்ப்பட்டியலில் கோடு போட்டுப் பாருங்கள்.

வாசிப்பே தடுமாறினால் அது வேறு விஷயம்: கண், காது பரிசோதனை முதலில்.