சம்பளம் பாதிகூட இல்லை, பிறகேன் நட்டம்?

கேள்வி: வெள்ளவத்தையில் துணிக்கடை நடத்துகிறேன். லண்டனில் இருக்கும் மைத்துனர் மன்செஸ்டர் யுனைட்டட் உதைபந்தாட்டக் கழகத்தின் பங்குகளை வாங்கப்போகிறார். பாதிப் பணத்தை என்னைப் போடச் சொல்கிறார், பங்குகள் அவர் பெயரில் இருக்குமாம். “வருமானத்தில் பாதிகூடச் சம்பளத்துக்குப் போகவில்லை, இனி இலாபம்தான்” என்பது அவருடைய கணக்கு. உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கும் என் மகனோ, “கழகம் வருடா வருடம் நட்டம் காட்டுகிறதே அப்பா” என்கிறான். யார் சொல்வது சரி? பணம் போடலாமா?

பதில்: இருவர் பார்த்த எண்களும் சரி, “இனி இலாபம்தான்” என்ற முடிவுதான் சரியில்லை. மைத்துனர் பார்த்திருப்பது 2025 ஜூன் 30இல் முடிந்த நிதியாண்டின் கணக்கு. அதில் வருமானம் 666.5 மில்லியன் பவுண், ஊழியர் செலவு 313.2 மில்லியன், அதாவது 47 வீதம். மகன் பார்த்தது அதே கணக்கின் அடி வரியை. அங்கே நிகர நட்டம் 33 மில்லியன். முந்தைய வருடம் அது 113.2 மில்லியன். 2020 முதல் ஆறு நிதியாண்டுகள் தொடர்ந்து நட்டம்தான். இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் முடிவை நீங்களே எடுத்துவிடலாம்.

ஊழியர் செலவு என்பது வீரர்களின் சம்பளம் மட்டுமல்ல. பயிற்றுநர், மருத்துவர், அலுவலகத்தில் இருப்பவர் எல்லோரும் அதற்குள் அடக்கம். உங்கள் கடையில் வேலை செய்பவருக்குச் சம்பளத்துக்கு மேல் நீங்கள் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டுகிறீர்கள் அல்லவா? பிரித்தானியாவில் தொழில்தருநர் கட்டும் தேசியக் காப்புறுதியும் 2025 ஏப்ரலில் இருந்து 15 வீதம். ஒரு வீரருக்கு வாரச் சம்பளம் இவ்வளவு என்று பத்திரிகையில் வந்தால், கழகத்துக்கு ஆகும் செலவு அதைவிடக் கூட.

உண்மையான பாரம் அடுத்த வரியில் இருக்கிறது. வீரரை இன்னொரு கழகத்திடமிருந்து வாங்கக் கொடுக்கும் விலை சம்பளக் கணக்கில் வராது. அது ஐந்தொகையில், அதாவது சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கில், ஒரு சொத்தாகப் பதிவாகி, ஒப்பந்த வருடங்களுக்குச் சமமாகப் பிரிக்கப்பட்டு, வருடா வருடம் செலவாகக் கழியும். இதை அமோர்டைசேஷன் என்பார்கள். கடை வானுக்குப் பெறுமானத்தேய்வு போடுவதைப்போலத்தான். 2016இல் பொக்பா என்ற வீரரை 89 மில்லியன் பவுணுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். சம்பளம் ஒருபக்கம் போக, வருடத்துக்கு 17.8 மில்லியன் இந்த வகையில் செலவு. பிறகு ஒரு வருடம் நீடிக்கப்பட்ட ஒப்பந்தம் 2022இல் முடிந்து அவர் போனபோது கழகத்துக்கு ஒரு சதமும் திரும்பி வரவில்லை. வானையாவது விற்கலாம்.

2024 நிதியாண்டில் யுனைட்டட்டின் ஊழியர் செலவு 364.7 மில்லியன். வீரர் விலைத் தேய்வு 190.1 மில்லியன். கூட்டினால் 554.8 மில்லியன். அந்த வருட வருமானம் 661.8 மில்லியன். மைத்துனரின் முறைப்படி 55 வீதம் என்று தெரியும் செலவு, இப்படிப் பார்த்தால் 84 வீதம்! மிச்சத்தில்தான் மைதானப் பராமரிப்பு, பயணம், வட்டி, எல்லாம். ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கங்களின் ஒன்றியமான யூஏஃபாவும் சம்பளத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை. வீரர்களும் பயிற்றுநரும் பெறும் சம்பளம், வீரர் விலைத் தேய்வு, முகவர் கட்டணம் மூன்றையும் கூட்டி, 2025–26 பருவத்திலிருந்து 70 வீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. அதன் போட்டிகளில் ஆடும் கழகங்களுக்குத்தான் இந்த விதி.

இந்தத் தேய்வை வைத்து விளையாடியவர்களும் உண்டு. 2023 ஜனவரியில் செல்சி கழகம், என்சோ பெர்னாண்டஸ் என்ற வீரருக்கு எட்டரை வருட ஒப்பந்தம் கொடுத்து, சுமார் 107 மில்லியன் பவுண் விலையை அத்தனை வருடங்களுக்கும் மெல்லியதாகப் பரப்பியது. அந்த வருடமே யூஏஃபா, ஒப்பந்தம் எத்தனை வருடமானாலும் ஐந்து வருடத்துக்கு மேல் பரப்ப முடியாது என்று விதியை மாற்றியது. சொந்தப் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்த வீரருக்குக் கொள்விலை கிடையாது, ஆகவே விற்றால் வருவதெல்லாம் இலாபம். 2024இல் தன்னிடமே வளர்ந்த மக்டொமினேயை யுனைட்டட் இத்தாலியின் நாப்போலிக் கழகத்துக்கு விற்றதில் இந்தக் கணக்கும் ஒளிந்திருக்கிறது. சிறுவயதிலிருந்து வளர்த்த பிள்ளைகளை முதலில் விற்கத் தூண்டும் ஒரு விதி விளையாட்டுக்கு நல்லதல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, 2025இல் சம்பளம் 51.5 மில்லியன் குறைந்ததே, அது நல்ல நிர்வாகம்தானே என்று மைத்துனர் கேட்பார். ஒரு பகுதி அப்படித்தான். பெரும் பகுதி வேறு. முந்தைய பருவத்தில் ஐரோப்பியக் கழகங்களின் முதன்மைப் போட்டியான சம்பியன்ஸ் லீக்கில் ஆடிய யுனைட்டட், 2024–25இல் ஆடவில்லை. ஆடாத வருடத்தில் சம்பளம் குறையும் என்று பல வீரர்களின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆனால் அதே வருடம் ஒளிபரப்பு வருமானம் 221.8 மில்லியனில் இருந்து 172.9 மில்லியனுக்கு இறங்கியது, கிட்டத்தட்ட 49 மில்லியன் இழப்பு. சம்பளத்தில் மிஞ்சியது ஒளிபரப்பில் போய்விட்டது. அணி மீண்டும் சம்பியன்ஸ் லீக்குக்குப் போனால் இரண்டும் சேர்ந்தே ஏறும். எனவே 47 வீதம் என்பது தோற்ற வருடத்தின் எண். இங்கிலாந்து லீக்கில் 15ஆம் இடம், ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் டொட்டன்ஹாமிடம் தோல்வி, அதனால் 2025–26இல் ஐரோப்பியப் போட்டி எதுவுமே இல்லை.

பயிற்றுநரை மாற்றும் செலவும் உண்டு. 2024 ஜூலையில் பயிற்றுநர் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீடித்து, ஒக்டோபரில் அவரை நீக்கினார்கள். நட்டஈடு கட்டவேண்டி வந்தது. அதே வருடம் சுமார் 250 சாதாரண ஊழியர்கள் வேலையிழந்தார்கள், 2025இல் இன்னும் 200 பேர்வரை குறைப்பதாக அறிவித்தார்கள். வீரர் வாங்குவதில் செய்த பிழைக்கு அலுவலகப் பணியாளரைப் பலிகொடுப்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. எண்ணிக்கையில் பார்த்தாலும், 190 மில்லியன் தேய்வுக்கு முன் அந்தச் சம்பளங்கள் எம்மாத்திரம்?

கடனைப் பற்றி, 2022இல் இலங்கையின் நெருக்கடியைப் பார்த்த நமக்கு விளக்கத் தேவையில்லை. 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் கழகத்தை வாங்கியபோது, வாங்குவதற்குப் பட்ட கடனில் பெரும்பகுதியைக் கழகத்தின் தலையிலேயே ஏற்றியது. 2025 ஜூனிலும் நீண்டகாலக் கடன் 650 மில்லியன், அதுவும் டொலரில். வருமானம் பவுணில் வருகிறது, கடன் டொலரில் நிற்கிறது. நாணய மாற்று அசைந்தால் கணக்கும் அசையும்.

இனி பங்கு. 2012 ஒகஸ்டில் நியூயோர்க் பங்குச் சந்தையில் 14 டொலருக்கு வெளியிட்டார்கள். 2025இலும் பல மாதங்கள் விலை அதையொட்டியே நின்றது. பங்கிலாபம் கடைசியாகக் கொடுத்தது 2022இல். சந்தையில் கிடைப்பது ஏ வகுப்புப் பங்கு, அதற்கு ஒரு வாக்கு. குடும்பம் வைத்திருக்கும் பி வகுப்புக்குப் பத்து. 2024 பெப்ரவரியில் பிரித்தானியக் கோடீஸ்வரர் ரட்கிளிஃப் பங்குக்கு 33 டொலர் கொடுத்தார் என்று மைத்துனர் சொன்னால், அது உண்மை. ஆனால் ரட்கிளிஃப் வாங்கியது உதைபந்தாட்ட நிர்வாகப் பொறுப்பையும் சேர்த்து. ஏ வகுப்பிலும் கால்பங்குக்குத்தான் அந்த விலையைக் கொடுத்தார். உங்களுக்கு அந்தப் பொறுப்பும் வராது, அந்த விலையும் வராது.

ஆகவே கடை முதலை இதில் போடாதீர்கள். யாராவது முழுக் கழகத்தையும் பெரிய விலைக்கு வாங்க வந்தால் மட்டும் பலன் தரும் பங்கு இது. அந்த நாள் எப்போது என்பதை உங்களால் தீர்மானிக்க முடியாது. நத்தார், பொங்கல், சித்திரை என்று சரக்கு எடுக்கும் வியாபாரத்துக்குக் கையில் பணம் வேண்டும். இழந்தாலும் வீட்டில் பேச்சு வராத ஒரு தொகை இருந்தால், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்தத் தொகைக்கும், பங்கு யார் பெயரில், பாதி யாருடையது, விற்கும் முடிவை யார் எடுப்பது என்று இருவரும் எழுதிக் கையெழுத்திடுங்கள். கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும். உறவுக்குள் வாய்ப்பேச்சில் போட்ட பணம் பத்து வருடம் கழித்துப் பிள்ளைகளுக்கிடையே வழக்கானதை என் மேசையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். கழகத்தின் ஆண்டுக் கணக்கு செப்டெம்பரில் இணையத்தில் வரும். ஊழியர் செலவையும் வீரர் விலைத் தேய்வையும் கூட்டி வருமானத்தால் வகுக்கச் சொல்லுங்கள். பிறகு ஐந்தொகையில், வாங்கிய வீரர்களுக்காக மற்றக் கழகங்களுக்கு இன்னும் கட்டவேண்டிய தவணைகள் எவ்வளவு என்று தேடச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்களையும் எடுத்துக்கொண்டு மைத்துனரோடு தொலைபேசியில் பேச உட்காருங்கள்.