பேயா, கனவா? 'நண்பகல் நேரத்து மயக்கம்' பற்றி

அப்பாவோடு இந்த மலையாளப் படத்தைப் பார்த்ததாகவும், மம்மூட்டி நடித்த ஜேம்ஸுக்குப் பேய் பிடித்ததா, இல்லை எல்லாமே கனவா என்று அவர் கேட்டதற்கு உங்களால் பதில் சொல்ல முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். படமும் அதைச் சொல்வதில்லை. நீங்கள் எதையும் தவறவிட்டுவிடவில்லை.

ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு நூல் இருக்கிறது. தொடக்கத்தில், வேளாங்கண்ணி லாட்ஜில் ஒரு குறள் வருமே, நினைவிருக்கிறதா?

உறங்கு வதுபோலுஞ் சாக்காடு உறங்கி
விழிப்பது போலும் பிறப்பு.

இதை வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். ஊர் திரும்பும் பஸ்ஸில் தூங்கி எழும் ஜேம்ஸ், வழியிலுள்ள ஒரு தமிழ்க் கிராமத்துக்குள், அங்கிருந்து காணாமல்போன சுந்தரம் என்பவராக நடக்கிறார். சுந்தரத்தின் வீட்டில் தூங்கி எழும்போது பழையபடி ஜேம்ஸ். இரண்டு பக்கமும் ஒரு பகல் தூக்கம்தான் வாசல். இயக்குநர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி வேறு விளக்கம் எதுவும் வைக்கவில்லை.

டீயையும் கவனியுங்கள். ஜேம்ஸுக்கு இனிப்பு ஆகாது. சுந்தரமானதும் சர்க்கரை கூடப் போடச் சொல்கிறார். மம்மூட்டி மாறிவிட்டார் என்று எனக்கு உறைத்தது அந்த இடத்தில்தான், வேட்டியிலோ தமிழிலோ அல்ல.

என் மனதைவிட்டுப் போகாதவர் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும், சுந்தரத்தின் பார்வையற்ற அம்மா. ஊரே பதறும்போது அவருக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. முகத்தைப் பார்ப்பவர்களுக்குத்தான் ஜேம்ஸ் அந்நியர்.

பேயா கனவா என்பதை விட்டுவிட்டு, அந்த அம்மாவைப் பற்றி அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள்.