மிஞ்சிய கறிக்குழம்பு ஊசவில்லை என்றால், மறுநாள் சுட வைத்துச் சாப்பிடலாமா?

ஊசவில்லை என்பதை மட்டும் நம்பிச் சாப்பிடாதீர்கள். நாங்கள் அப்படி நம்பித்தான் அவதிப்பட்டோம்.

பள்ளத்தூரில் குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டிய அன்று ராத்திரி, அரை அண்டா குழம்பு மிஞ்சிவிட்டது. மூடி போட்டு அடுப்படியிலேயே வைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் சின்னம்மா திறந்தபோது எண்ணெய் சிவக்க மிதந்தது, மணம் அப்படியே இருந்தது. அண்டாவைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் சூடே முழுசா ஆறலை, எப்படிக் கெட்டிருக்கும்?" என்றார்கள். லேசாகச் சுட வைத்து இட்லிக்கு ஊற்றினோம். சாயங்காலத்துக்குள் 11 பேருக்கு வயிற்றைப் பிசையும் வலி, பேதி. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை.

சாப்பிட்டு எட்டு, பத்து மணி நேரம் ஆயிற்று என்றதும், குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமியாக இருக்கலாம் என்றார் டாக்டர். கொதித்தாலும் இதன் விதைகள் சாகாது. பெரிய அண்டாவில் குழம்பு மெதுவாக ஆறும்போது முளைத்து, 45 டிகிரி வாக்கில் கிட்டத்தட்ட பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சின்னம்மா நம்பிய அந்த வெதுவெதுப்பில்தான் அது பெருகியிருக்கிறது. ஊசல் வாடையைக் கிளப்புவது வேறு கிருமிகள். இது பெருகினாலும் வாடையோ ருசியோ மாறாமல் இருக்கலாம்.

தளதளவென்று கொதிக்க விட்டிருந்தால் பெருகிய கிருமிகள் செத்திருக்கும். ஆனால் வெளியே கிடந்த சோற்றுக்கு அந்த வழி உதவாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற இன்னொரு கிருமி அதில் விட்டுப்போகும் நஞ்சு கொதியிலும் அழியாது. ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியில் கொண்டுபோய் விடும்.

மற்றவர்கள் மறுநாளே எழுந்துவிட்டோம். அப்பத்தாதான் துவண்டுபோனார்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து, ராத்திரி முழுக்க ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பேதியை விட நீர் வற்றுவதுதான் ஆபத்து. நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் விசேஷம் முடிந்ததும் முதல் வேலை, மிஞ்சியதை அகலத் தட்டுகளில் விரலளவு ஆழத்துக்கு ஊற்றி, தண்ணீரில் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் ஏற்றுவது. மறுநாள் எடுக்கும்போது ஓரத்தில் மட்டும் குமிழி வந்தால் போதாது, நடுவிலும் கொதிக்க வேண்டும். ராத்திரி முழுக்க வெளியே இருந்துவிட்டதா? கறிக்குழம்பைக் கொட்ட மனசு வராதுதான், கொட்டிவிடுங்கள்.